செயின்ட் ஆல்பன்ஸ் ஆற்றங்கரை பப்: 793-ஆ, 1756-ஆ? வயதைப் பற்றி ஒரு சண்டை

#1 வேராற்றான்

இங்கிலாந்திலேயே மிகப் பழைய பப் எது என்று பக்கத்து இழையில் ஒருவர் கேட்டார். மூன்று பேர் யோசிக்கவே இல்லை, "செயின்ட் ஆல்பன்ஸ், யே ஓல்ட் ஃபைட்டிங் காக்ஸ், கி.பி. 793" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே மறுத்தால் கேள்வி கேட்டவர் குழம்பிவிடுவார் என்று தனி இழையாகவே திறக்கிறேன்.

இடம் தெரியாதவர்களுக்கு: லண்டனுக்கு வடமேற்கே சுமார் 20 மைல். மேட்டின் மேல் பெரிய தேவாலயம் இருக்கும். அதன் அருகிலிருந்து அபே மில் லேன் என்ற சரிவான தெருவில் இறங்கினால், கடைசியில் வேர் என்ற சின்ன ஆறு, பழைய மாவாலை, அதை ஒட்டி எட்டுப்பட்டையாக ஒரு மரச்சட்ட வீடு. அதுதான் இந்த பப். ஆற்றைத் தாண்டினால் ரோமானியர் காலத்து வெருலாமியம் நகரம் கிடந்த மைதானம், இப்போது பூங்கா.

எழுத்தில் கிடைக்கும் பழைய சான்று 1756-ஆம் ஆண்டு உரிமப் பதிவுதான். அப்படியானால் 793 எங்கிருந்து வந்தது? மெர்சியா நாட்டு அரசர் ஆஃபா இங்கே மடத்தை நிறுவியதாக மரபு சொல்லும் ஆண்டு அது. அதாவது மடத்தின் பிறந்தநாளைத் தூக்கி பப்புக்கு வைத்துவிட்டார்கள். மடமே அவ்வளவு துணிச்சலாகப் பேசுவதில்லை. இன்று நிற்கும் தேவாலயத்தின் மூத்த பகுதியைக் கட்டத் தொடங்கியது 1077-இல், நார்மன் காலத்து மடாதிபதி பால். கோபுரத்துச் செங்கல்லில் பெரும்பகுதி வெருலாமியம் இடிபாட்டிலிருந்து பொறுக்கி வந்தது. கோயில் தன் சுவருக்கு 11-ஆம் நூற்றாண்டு என்கிறது, கோயிலின் புறாக்கூண்டு மட்டும் 8-ஆம் நூற்றாண்டாம்!

ஆமாம், இந்த பப் கட்டடம் முதலில் மடத்தின் புறாக்கூண்டாக இருந்ததாம். அதைப் பற்றி யாராவது கேளுங்கள், சொல்கிறேன்.

#2 சாயங்காலக்கடை

கேட்டுவிட்டேன். சொல்லுங்க.

#3 நாட்டிங்காம்_நாகராஜ்

793 பொய் என்றால் எங்கள் ஊருக்கே பட்டம். யே ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம், சுவரில் பெரிய எழுத்தில் 1189 என்று போட்டிருக்கிறது. ரிச்சர்ட் மன்னர் முடிசூடிய ஆண்டு, சிலுவைப்போருக்குப் போகும் வழியில் வீரர்கள் இங்கே நின்று குடித்துவிட்டுப் போனார்கள். சரிதானே?

#4 வேராற்றான்

நாகராஜ் சார், சுவரில் பெயிண்ட் அடித்தது சாசனம் ஆகிவிடுமா? உங்கள் பப்பின் கட்டடம் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1751 பதிவில் அதன் பெயர் "பில்கிரிம்". "ட்ரிப்" என்ற பெயர் 1799-இல்தான் வருகிறது. பாறைக் குகைகள் பழையவை, அதை மறுக்கவில்லை. ஆனால் குகையில் யார் எப்போது பீர் விற்றார் என்பதற்கு எழுத்து எங்கே?

சாயங்காலக்கடைக்கு: மடங்களும் பண்ணைப் பெருமுதலாளிகளும்தான் அந்தக் காலத்தில் புறாக்கூண்டு வைத்துக்கொள்ளலாம். சாமானியனுக்கு அனுமதி இல்லை. புதிய இறைச்சி கிடைப்பது பெரிய விஷயம், இளம் புறாக்குஞ்சு அதற்குக் கைகொடுத்தது. எச்சம் வயலுக்கு உரமாகப் போகும், தோல் பதனிடுபவர்களும் வாங்கிப் போவார்கள். பெரும்பாலான கூண்டுகள் வட்டம் அல்லது எட்டுப்பட்டை, ஏனென்றால் நடுவில் ஒரு தூணை நட்டு அதில் ஏணியைப் பொருத்திச் சுழற்றினால் ஒரே ஆள் எல்லாப் பொந்துகளையும் எட்டிவிடலாம். மூலை இருந்தால் ஏணி இடிக்கும். இந்த பப்பின் எட்டுப்பட்டை வடிவத்துக்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். முதலில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தது, 1539-இல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்த பிறகு ஒரு சமயம் கீழே ஆற்றங்கரைக்கு மாறியது.

#5 சாயங்காலக்கடை

கட்டடம் எப்படி மாறும்? வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்களா?

#6 தச்சன்_பேரன்

இது என் ஏரியா. ஆமாம், வண்டியில்தான்.

இங்கிலாந்தின் பழைய ஓக் மரச்சட்ட வீடுகளை ஒரு பெரிய மேஜை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆணி கிடையாது. ஒரு சட்டத்தின் முனையை நாக்கு போலச் செதுக்கி, இன்னொன்றில் துளை போட்டு நுழைத்து, குறுக்கே மரமுளை அடித்து இறுக்குவார்கள். முளையைத் தட்டி எடுத்தால் பிரிந்துவிடும். முதலில் தச்சுப்பட்டறைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் அடையாளம் கீறுவது வழக்கம். ரோமன் எண்கள், நேர்க்கோடுகளாக இருப்பதால் உளிக்கு வசதி. நான்காம் எண்ணுக்கு நான்கு கோடு அப்படியே போடுவார்கள், ஏனென்றால் சட்டம் தலைகீழாகக் கிடந்தால் நான்கையும் ஆறையும் மாற்றிப் படித்துவிடலாம். அப்புறம் பிரித்து, இடத்துக்குக் கொண்டுபோய், எண் பார்த்து நிறுத்துவது. முதல் தடவை அப்படி நிறுத்தியதை இரண்டாம் தடவை பிரிப்பதும் அதே வேலைதான். மடம் கலைந்தபோது கல், ஈயக் கூரை, மரம் எல்லாமே விற்பனைக்குப் போனது. தயாராக அறுத்து வைத்த ஓக்கை யார் விடுவார்கள்?

ஒரு விஷயம் மட்டும். ஓக் சட்டத்தின் வயது மரவளையத்தில் தெரியும், ஆனால் அது மரம் வெட்டிய வயது. வீடு எந்த இடத்தில் எப்போது எழுந்தது என்பது அதில் தெரியாது.

#7 வெள்ளைச்சேவல்

வேராற்றான், நீங்கள் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். கட்டடம் 16-ஆம் நூற்றாண்டு என்பது சரி, அரசு பாரம்பரியப் பட்டியலும் தோற்றத்தை வைத்து அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அடித்தளம்? மாவாலை, ஆறு, மடம் மூன்றும் கூடும் இடம். மடத்தில் துறவிகள் ஏல் (ஒரு வகை பீர்) காய்ச்சியிருக்கிறார்கள். யாத்திரிகர்கள் புனித ஆல்பனின் சமாதிக்குத் திரள்திரளாக வந்திருக்கிறார்கள். தாகம் எடுக்காதா? அந்த இடத்தில் ஏதோ ஒரு கடை ஆயிரம் வருடமாக இருந்திருக்கத்தானே வேண்டும்? நிலவறையிலிருந்து தேவாலயத்துக்குச் சுரங்கப்பாதை இருப்பதாகவும் சொல்கிறார்கள். கின்னஸ் புத்தகமே ஒரு காலத்தில் மிகப் பழைய பப் என்று போட்டது.

#8 வேராற்றான்

"இருந்திருக்கத்தானே வேண்டும்" என்பதில்தான் இங்கிலாந்தின் பாதி பழைய பப்கள் நிற்கின்றன.

கின்னஸ் அந்தப் பிரிவையே 2000-இல் கைவிட்டது, சரிபார்க்க முடியவில்லை என்று. சுரங்கப்பாதை இல்லாத பழைய பப்பை நீங்கள் காட்டுங்கள், நான் ஒரு பைன்ட் பீர் வாங்கித் தருகிறேன். அதேபோல உள்நாட்டுப் போர்க்காலத் தளபதி ஆலிவர் கிராம்வெல் ஓர் இரவு இங்கே தங்கினார், குதிரையை மதுக்கூடத்துக்குள்ளேயே கட்டினார் என்றும் ஒரு கதை. கிராம்வெல் படுத்த இடம், எலிசபெத் ராணி படுத்த இடம், வழிப்பறிக் கொள்ளையன் டிக் டர்பின் ஒளிந்த இடம் எல்லாவற்றையும் கூட்டினால் அவர்கள் வாழ்நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும்.

யாத்திரிகர்கள் விஷயத்துக்கு வருகிறேன். செயின்ட் ஆல்பன்ஸ் லண்டனிலிருந்து ஒரு நாள் பயணத் தூரம், வடமேற்குப் பெருஞ்சாலையில் இருக்கும் ஊர். வந்தவர்கள் தங்கிய விடுதிகள் மேட்டின் மேல், கடைத்தெருவையும் சாலையையும் ஒட்டி வரிசையாக இருந்தன. குதிரைகளுக்கு லாயம் வேண்டும், வண்டி திரும்ப முற்றம் வேண்டும். கீழே சந்துக்கோடியில், ஆற்றுச் சேற்றில், மடத்து மதிலுக்குள் இருந்த இடத்துக்கு எந்த வண்டிக்காரன் இறங்கி வருவான்? இது பயணிகளுக்கான இடமாகத் தெரியவில்லை. ஆலைக்கு வந்த ஆட்களுக்கும் ஆற்றங்கரை வேலைக்காரர்களுக்குமான சின்ன பீர்க்கடை என்றுதான் எனக்குப் படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஆலையே பட்டு நூற்பாலை ஆகிவிட்டது. வாடிக்கைக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

#9 யாழ்_வாட்ஃபோர்ட்

அண்ணை, நீங்கள் சொல்வது சரி, ஆனால் ஆறு என்றதும் கனபேர் தேம்ஸ் மாதிரி நினைத்துக்கொள்வார்கள். வேர் ஒரு சுண்ணாம்புப் பாறை ஊற்று ஆறு. பப்புக்குப் பக்கத்தில் வடிவாகத் தாண்டிவிடலாம் போலத்தான் இருக்கும். மழை பெய்தவுடன் பொங்காது, நிலத்தடி நீர் ஏறிய பிறகுதான் மெல்ல ஏறும். படகுப் போக்குவரத்து கிடையாது. வேலை முழுக்க ஆலைச் சக்கரத்தைச் சுழற்றுவதுதான்.

பப் பலகையில் வெள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தது என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

#10 வேராற்றான்

உண்மை. 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் அந்தப் பலகை வாசகம் இருக்கிறது: "பழைய வட்ட வீடு, வெள்ளத்துக்குப் பிறகு மீண்டும் கட்டப்பட்டது." எந்த வெள்ளம் என்று எழுதவில்லை. வேர் ஆறு பொங்கிப் பழைய கட்டடம் போனது என்று சிலர் உண்மையாகவே கொள்கிறார்கள். நான் கேலி என்றே படிக்கிறேன். பைபிள் தெரிந்த ஊரில் "வெள்ளம்" என்றாலே நோவாவின் வெள்ளம்தான். கடைக்காரர் கண்ணடித்து, "எங்கள் கடை நோவா காலத்தது, ஊழிவெள்ளம் வடிந்ததும் புதுப்பித்தோம்" என்று எழுதிவைத்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் 793-ஐச் சிரிக்காமல் எழுதினார்கள், அதுதான் வித்தியாசம்.

#11 ஓஸ்_கரையிலிருந்து

நிஜ வெள்ளம் பார்க்க வேண்டும் என்றால் யார்க் வாருங்கள். ஓஸ் ஆற்றங்கரையில் கிங்ஸ் ஆர்ம்ஸ் என்று ஒரு பப். ஆற்றுக்கும் அதற்கும் நடுவில் கல் பாவிய படித்துறை மட்டும்தான். வாசலை ஒட்டி உள்ளே ஒரு பலகை, எந்த ஆண்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கோடு போட்டிருக்கும். 2000 நவம்பரில் ஓஸ் வழக்கமான மட்டத்துக்கு மேல் சுமார் 5.4 மீட்டர் ஏறியது, அந்தக் கோட்டைப் பார்க்க நீங்கள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பீப்பாய்களை நிலவறையில் வைத்தால் மிதக்கும் என்பதால் மேலே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் குழாயால் பீய்ச்சிக் கழுவிவிட்டுக் கடையைத் திறந்துவிடுவார்கள். 793 எல்லாம் எதற்கு, இந்தப் பலகை போதாதா?

#12 நாட்டிங்காம்_நாகராஜ்

சரி சரி. ஆற்றங்கரை என்றால் கேம்பிரிட்ஜ்ஷயர் ஹோலிவெல்லில் ஓல்ட் ஃபெர்ரி போட் ஒன்று விட்டுப்போச்சே. அதற்கு கி.பி. 560 என்கிறார்கள், உங்கள் 793-ஐயே தூக்கிச் சாப்பிடும். தரையில் ஒரு கல் பதித்திருக்கிறது. ஜூலியட் என்ற பெண்ணின் கல்லறைக்கல், காதல் தோல்வியில் தூக்குப்போட்டுக்கொண்டவள், ஒவ்வொரு மார்ச் 17-ஆம் தேதியும் ஆவியாக எழுந்து வருவாள் என்று கதை. அன்றைக்கு வியாபாரம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

#13 ஆவணக்கட்டு

தாமதமாக வருகிறேன். 1756-ஐப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் யாரும் சொல்லவில்லை.

இந்த பப்புக்குக் கிடைக்கும் பழைய உரிமப் பதிவு 1756, பெயர் "த்ரீ பிஜன்ஸ்". அதை வைத்து "1756-இல்தான் பப் ஆனது" என்று தலைப்பில் தொனிக்கிறது. அதையும் ஏற்க முடியாது. ஏல் கடைகளுக்கு உரிமம் கட்டாயமானது 1552-இல். இரண்டு நீதிபதிகள் முன்னால் நின்று, ஒழுங்காக நடத்துவேன் என்று ஜாமீன் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஜாமீன்களை ஒழுங்கான பேரேட்டில் ஆண்டுதோறும் எழுதிப் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 1753-இல். அதற்கு முந்தைய தாள்கள் பல மாவட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. எனவே இங்கிலாந்தின் எத்தனையோ பப்களுக்கு முதல் சான்று 1750-களில் வந்து நிற்கும். பப் பிறந்த காலம் அது அல்ல, எழுத்தர் பேரேடு திறந்த காலம்.

ஆக, கீழ் எல்லை 1539-க்குப் பிறகு, மேல் எல்லை 1756. இந்த 217 ஆண்டுக்குள் எங்கோ ஒரு நாள் யாரோ அந்தக் கூண்டு வீட்டில் முதல் பீப்பாயைத் திறந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

#14 வேராற்றான்

ஆவணக்கட்டு அவர்கள் சொன்னது நான் #1-இல் எழுதியதைவிடக் கூர்மை. "மூன்று புறாக்கள்" என்ற பெயரையும் கவனியுங்கள். புறாக்கூண்டு நினைவு 18-ஆம் நூற்றாண்டிலும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. "சண்டைச் சேவல்கள்" என்ற பெயர் வந்தது சுமார் 1800-இல். முன்னால் ஒட்டியிருக்கும் "யே ஓல்ட்" ("பழைய" என்பதன் பழம்பாணி) பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேர்த்த ஜிகினா. பெயரில் வயதாக ஒலிப்பதுதான் இருப்பதிலேயே இளசு.

#15 வெள்ளைச்சேவல்

என் புனைபெயருக்காகவாவது சேவற்சண்டை பற்றிப் பேசுங்களேன். உண்மையிலேயே அங்கே நடந்ததா?

#16 ஆவணக்கட்டு

மையக்கூடம்தான் சேவற்களமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். எட்டுப்பட்டை அறையில் எல்லாரும் சுற்றி நின்று பார்க்கலாம், பொருத்தமான இடம்தான். ஆனால் "இருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

இங்கிலாந்தில் இது பெரிய இடத்து விளையாட்டு. 12-ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் பள்ளிப் பையன்கள் தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை சேவலோடு பள்ளிக்கு வந்து, காலை முழுக்க மோதவிட்டதை வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன் எழுதியிருக்கிறார். எட்டாம் ஹென்றி ஒயிட்ஹால் அரண்மனையிலேயே களம் கட்டிக்கொண்டார். எடைக்கு எடை பார்த்து ஜோடி சேர்ப்பார்கள், கொண்டையையும் தாடியையும் நறுக்கிவிடுவார்கள், காலில் எஃகு அல்லது வெள்ளி முள் கட்டுவார்கள். பிரபுவும் கசாப்புக்காரனும் ஒரே வளையத்தில் நின்று பந்தயம் கட்டுவது அந்த நாட்டில் வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சி. 1835-இல் சட்டம் களங்களை மூடியது, 1849-இல் இன்னும் இறுக்கினார்கள்.

#17 சாயங்காலக்கடை

அப்போ பெயரை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லையா? :)

#18 யாழ்_வாட்ஃபோர்ட்

கேட்டார்களே! 2015-இல் பீட்டா அமைப்பு, "சண்டைச் சேவல்கள்" வேண்டாம், "யே ஓல்ட் க்ளெவர் காக்ஸ்" என்று வையுங்கள், கோழிகள் புத்திசாலிகள் என்று மக்களுக்குத் தெரியட்டும் என்று கேட்டது. ஜல்லிக்கட்டு நேரத்தில் நீங்கள் எல்லாம் திட்டித் தீர்த்த அதே அமைப்பின் இங்கிலாந்துக் கிளைதான். பெயர் மாறவில்லை.

#19 வேராற்றான்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாவில் நொடிந்து 2022 பிப்ரவரியில் இந்த பப் மூடப்பட்டது. "1,200 ஆண்டு பப் மூடல்" என்று உலகம் முழுக்கச் செய்தி. அந்த 793 இல்லாவிட்டால் ஒரு பத்திரிகையும் எட்டிப் பார்த்திருக்காது, நியாயத்தைச் சொல்ல வேண்டும். சில மாதங்களிலேயே வேறு நிர்வாகத்தில் திறந்தும் விட்டது. ஒரு பப்பை மூடுவது எவ்வளவு எளிது என்று பாருங்கள். துறவிகளையும் உள்நாட்டுப் போரையும் பார்த்ததாகச் சொல்லும் கடை வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் சாய்ந்தது.

பீப்பாய் ஏல் பழக்கத்தைக் காப்பாற்ற 1971-இல் தொடங்கிய காம்ரா இயக்கம் நீண்ட காலம் தலைமையகம் வைத்திருந்ததும் இதே செயின்ட் ஆல்பன்ஸில்தான். வாயு ஏற்றிய பீரை எதிர்த்து, பீப்பாய்க்குள்ளேயே நொதித்து முடியும் ஏல் வேண்டும் என்று கிளம்பியவர்கள். அந்த ஏலை 11 முதல் 13 டிகிரியில் நிலவறையில் வைத்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். "இங்கிலாந்தில் வெதுவெதுப்பான பீர்" என்று ஊரில் கேலி பேசுவார்களே, அது இதுதான். வெதுவெதுப்பு கிடையாது, மண்பானைத் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும்.

#20 வெள்ளைச்சேவல்

நான் விடுவதாக இல்லை. நாளைக்கே ஆற்றங்கரையில் தோண்டி ஒரு சாக்சன் குவளை கிடைத்தால் என்ன செய்வீர்கள்?

#21 ஆவணக்கட்டு

குவளை கிடைத்தால் அங்கே யாரோ குடித்தார்கள் என்று எழுதுவேன். எதிரே பூங்காவில் 1930-களின் தொடக்கத்தில் மார்ட்டிமர் வீலரும் டெஸ்ஸா வீலரும் தோண்டி ரோமானியத் தரைகளையே எடுத்தார்கள். அதற்காக பப்பை கிளாடியஸ் பேரரசர் திறந்துவைத்தார் என்று யாரும் பலகை மாட்டவில்லை. மாட்ட மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது.

#22 தச்சன்_பேரன்

நேரில் பார்க்கப் போகிறேன், சட்டங்களில் தச்சர் அடையாளம் தெரிகிறதா என்று. லண்டனிலிருந்து எப்படி வருவது? கார் இல்லை.

#23 யாழ்_வாட்ஃபோர்ட்

செயின்ட் பான்க்ராஸில் தேம்ஸ்லிங்க் ரயில் பிடித்தால் செயின்ட் ஆல்பன்ஸ் சிட்டிக்குச் சுமார் 20 நிமிஷம். அங்கிருந்து ஊருக்குள்ளால் நடந்து தேவாலயத்தைத் தாண்டி இறங்க வேண்டும். வாட்ஃபோர்ட் ஜங்ஷன் வழியாக வந்தால் கிளைப்பாதை ரயில், கடைசி நிலையம் செயின்ட் ஆல்பன்ஸ் அபே, பப்புக்கு அதுதான் கிட்ட. ஞாயிறு மதியம் மட்டும் வேண்டாம், வறுத்த இறைச்சிச் சாப்பாட்டுக்குக் கூட்டம் நிற்கும், உங்களை உத்தரத்தை அண்ணாந்து பார்க்க விடமாட்டார்கள். உள்ளே கூரை தாழ்வு, தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.

#24 தச்சன்_பேரன்

நன்றி. செவ்வாய்க்கிழமை போகிறேன். படம் எடுத்தால் இங்கேயே போடுகிறேன்.

#25 நாட்டிங்காம்_நாகராஜ்

அப்படியே நாட்டிங்காமுக்கும் வாருங்கள். 1189-ஐயும் படம் எடுத்துப் போடலாம்.